மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்

யாழ்ப்பாணத்தவர் ஒருவரிடம் புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பதாகச் சொல்லிப் பாருங்கள். என்ன நிறம், எவ்வளவு வேகம், என்ன விலை என்பனவெல்லாம் பின்னர்தான் வரும். முதலில் வரும் கேள்வி, "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்பதாகவே இருக்கும். எங்கள் மக்களின் சிக்கனத்தைக் கேலி செய்யும் தென்னிலங்கை நண்பர்கள் இதையும் ஓர் உதாரணமாகக் காட்டுவதுண்டு. சிக்கனம் எங்களுக்குப் பழக்கமானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் வரலாறு ஒன்றும் இருக்கின்றது. பெற்றோலைத் துளிக்கணக்கில் எண்ணிப் பயன்படுத்திய ஐந்து ஆண்டுகளின் வரலாறு அது.

அந்த வரலாற்றை யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவதிலும் பார்க்க, ஜப்பானின் ஹமமற்சு நகரத்திலிருந்து தொடங்குவதே முறையாகும்.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானில் 1946 ஆம் ஆண்டு பெற்றோல் கட்டுப்பாட்டுப் பொருளாக இருந்தது. பேருந்துகளும் புகைவண்டிகளும் நிரம்பி வழிந்தன. உணவு தேடிக் கிராமங்களுக்குச் செல்லும் மக்களுக்குச் சைக்கிளே கதி. அந்நேரத்தில் சொய்சிரோ ஹொண்டா என்ற இயந்திர வல்லுநரின் கண்ணில், முன்னாள் ஜப்பானிய இராணுவம் வானொலித் தொடர்புக் கருவிகளுக்கு மின்சாரம் பெறப் பயன்படுத்திய சிறிய இயந்திரங்கள் பட்டன. அவற்றை வாங்கிச் சைக்கிள்களில் பொருத்தினார். எரிபொருள் தாங்கிக்கு எங்கே போவது? குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கப் பயன்படும் வெந்நீர்க் குப்பியையே தாங்கியாக்கினார். பெற்றோல் போதாமையால் பைன் மரத்திலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெயை அதனுடன் கலந்து ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் அதிகம். ஆனாலும் வண்டி ஓடியது, விற்பனையும் ஆனது. உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் பிறந்தது இப்படித்தான். எரிபொருள் இல்லாத ஊரில், கலப்பட எரிபொருளில் அது பிறந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின்னர் அதே நிறுவனத்தின் வண்டிகள் இன்னொரு முற்றுகைப் பிரதேசத்தில் அதே புகையுடனும் நாற்றத்துடனும் ஓடப்போகின்றன என்று அன்று எவரும் நினைத்திருக்க முடியாது.

1958 ஓகஸ்டில் ஹொண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்ற சிறிய வண்டியை வெளியிட்டது. 49 கன சென்ரிமீற்றர் இயந்திரம், நாலரைக் குதிரை வலு. நிறுவனத்தின் வணிகப் பொறுப்பாளரான தக்கேயோ புஜிசாவா, சாப்பாட்டுக் கடையிலிருந்து நூடில்ஸ் எடுத்துச் செல்லும் பையன் ஒரு கையால் தட்டைத் தாங்கியபடி மறுகையால் ஓட்டக்கூடிய வண்டியாக அது இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். எனவே கைக் கிளச்சு நீக்கப்பட்டது. கியரைக் காலால் மாற்றினால் கிளச்சு தானே இயங்கும். சேறும் காற்றும் காலில் படாமல் முன்னே மறைப்பு. சங்கிலி முழுவதும் பெட்டிக்குள் மூடப்பட்டிருந்தது. மணல் தெருக்களில் ஓட்டியவர்களுக்கு இந்தச் சங்கிலிப் பெட்டியின் அருமை தெரியும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, அது நான்கு வீச்சு இயந்திரம் என்பது. அக்காலத்தில் அந்த அளவுள்ள வண்டிகளில் பெரும்பாலானவை இரு வீச்சு இயந்திரம் கொண்டவை. இரு வீச்சு இயந்திரத்தில் எரிந்த புகையை வெளியே தள்ளுவது புதிதாக உள்ளே வரும் பெற்றோல் கலவைதான். தள்ளும்போது அதில் ஒரு பகுதி எரியாமலே புகையுடன் வெளியேறிவிடும். சமைப்பதற்கு முன்னரே அரிசியில் ஒரு பங்கை முற்றத்தில் கொட்டுவதற்கு ஒப்பானது இது. நான்கு வீச்சில் வால்வுகள் வாசலைக் காப்பதால் அந்த நட்டம் மிகக் குறைவு. 1979 எண்ணெய் நெருக்கடியின் பின்னர் ஜப்பானிய நிறுவனங்களிடையே இந்தச் சிக்கனமே பெரும் போட்டியாயிற்று. 1983 இல் வெளிவந்த 50 கன சென்ரிமீற்றர் சூப்பர் கப் ஒன்று, மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சீராகச் சென்றால் லீற்றருக்கு 180 கிலோமீற்றர் ஓடும் என்று ஹொண்டா அறிவித்தது. நம்புவதற்குச் சற்றுச் சிரமமான எண்தான். மேடு பள்ளமற்ற பாதையில், நிற்காமல், ஒருவரை மட்டும் ஏற்றி எடுத்த கணக்கு அது. பின்னால் மனைவியையும் முன்னால் பிள்ளையையும் இருத்தி, பக்கத்தில் மரக்கறிப் பையையும் கொழுவிக்கொண்டு செல்லும் எங்கள் ஊர்க் கணக்கு வேறு.

1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கை ஜப்பானில் பாவித்த வாகனங்களை இலங்கைக்கு அள்ளிக் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் எங்கள் வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் பி.எஸ்.ஏ., ரயம்ப், நோட்டன் போன்ற பிரித்தானிய வண்டிகள். ஓவர்சியர்மாரும் வசதி படைத்த கமக்காரரும் அவற்றை ஓட்டினார்கள். அவற்றின் ஓசைக்கே ஒரு மரியாதை இருந்தது. எண்பதுகளில் ஹொண்டா 50, 70, 90 என்பன ஆசிரியர்களையும் எழுதுவினைஞர்களையும் வியாபாரிகளையும் வந்தடைந்தன. அவற்றுடன் வந்து சேர்ந்ததே 'எம்.டி. 90'. அது ஜப்பானிய அஞ்சல் சேவைக்கென்று ஹொண்டா தயாரித்த வண்டி. சிவப்பு நிறம், சிறிய சில்லுகள், கடிதப்பை சுமக்கும் வலிமை. ரோக்கியோவில் கடிதம் விநியோகித்து ஓய்வுபெற்ற வண்டி, வடமராட்சியில் வெங்காயமும் புகையிலையும் சுமக்கத் தொடங்கியது. வடக்கில் எம்.டி. 90 என்ற பெயருக்கு இருந்த மதிப்பைப் பிற மாவட்டத்தவர் இலகுவில் விளங்கிக்கொள்ள மாட்டார்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அரசாங்கம் வடக்கின் மீது பொருளாதாரத் தடையை விதித்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. பற்றரி, சீமெந்து, உரம் என்று தொடர்ந்த அந்தப் பட்டியலில் பெற்றோலும் டீசலும் இருந்தன. மின்சாரமும் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் அனுமதிக்கப்பட்டது. அது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் ஊடாகப் பங்கீட்டு அட்டைக்கு வழங்கப்பட்டது. வெளிச் சந்தையில் விலை பல மடங்கு. பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் அடைத்து, மருந்தைப் போலவே துளித்துளியாகப் பயன்படுத்தும் பொருளாகியது.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இதை எழுதும் பலர் ஏதோ அதிசயக் கண்டுபிடிப்புப் போல எழுதிவிடுகின்றனர். என் கருத்து வேறு. அந்த அறிவு யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே தோட்டங்களில் இருந்தது. ஆறில்லாத குடாநாட்டில் கிணற்று நீரை நம்பியே பயிர்ச்செய்கை. துலா மிதித்து இறைத்த காலம் மாறி, நீர் இறைக்கும் இயந்திரங்கள் வந்தபோது, அவற்றில் பல பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடுபவையாக இருந்தன. இயந்திரம் சூடாகும்வரை பெற்றோல், சூடான பின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய். இதை வெங்காயத் தோட்டத்துச் சிறுவனும் அறிவான். தோட்டத்தில் அறிந்ததைத் தெருவுக்குக் கொண்டுவந்ததே தடைக்காலத்தில் நடந்தது. கொண்டுவருவதற்கும் கைத்திறன் வேண்டும் என்பது வேறு விடயம். அந்தக் கைத்திறன் கராஜ்களில் தாராளமாக இருந்தது.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகக் கூடியது. மண்ணெண்ணெய் அப்படியன்று. அது ஆவியாகச் சூடு வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் திரவமாகவே சென்று பிளக்கை நனைத்துவிடும். பொறி பறக்காது. எனவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைச் செலுத்தி, உதைத்து உயிர்ப்பித்து, அது எரிந்து முடிவதற்குள் இயந்திரம் சூடேறி மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும்படி முறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கணம் தவறினால் இயந்திரம் நின்றுவிடும், துளிகள் வீண். நிறுத்தினாலோ மீண்டும் துளிகள் வேண்டும். ஆகவே கடைக்குள் போய்ச் சாமான் வாங்கி வரும்வரை இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்துவோரும் இருந்தார்கள். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிப்பதா, பெற்றோலை மிச்சம் பிடிப்பதா என்ற கணக்கு ஒவ்வொரு வாசலிலும் போடப்பட்டது.

வேறு சிக்கல்களும் இருந்தன. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு. அமுக்கம் கூடிய இயந்திரத்தில் அது உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து, உலோகத்தில் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசையை எழுப்பும். ஐம்பதுகளின் பிரித்தானியக் கார்கள் தரம் குறைந்த பெற்றோலுக்கென்றே குறைந்த அமுக்கத்துடன் அமைக்கப்பட்டவை. அதனால் அவை மண்ணெண்ணெயை ஓரளவு பொறுத்துக்கொண்டன. புதிய கார்கள் முற்றத்தில் நிற்க, பாட்டன் காலத்து ஒஸ்ரின் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியதன் இரகசியம் இதுதான். ஹொண்டாவின் அமுக்கம் எட்டுக்கு ஒன்று என்ற அளவில் சற்றுக் கூடியதே. ஆனால் அதன் சிலிண்டர் மிகச் சிறியது. சிறிய அறையில் தீ விரைவில் பரவிவிடும் என்பதால் அது தப்பித்துக்கொண்டது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே வழிந்து இயந்திர எண்ணெயுடன் கலந்தது. எண்ணெயின் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியது. ஏறுகிறதே என்று மகிழ்ந்தவர்களின் இயந்திரங்கள் விரைவில் தேய்ந்தன. பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவது, பல் துலக்குவதைப் போல அன்றாடக் கடமையாயிற்று. வீதியெங்கும் வெண்புகை. சட்டையிலும் தலைமயிரிலும் மண்ணெண்ணெய் மணம். அலுவலகத்துக்கு யார் மோட்டார் சைக்கிளில் வந்தார், யார் சைக்கிளில் வந்தார் என்பதை மூக்கே சொல்லிவிடும்.

இனி, அந்த நாள்களில் 'எரிபொருள் சிக்கனம்' என்ற சொல்லுக்கு இருந்த உண்மையான பொருளுக்கு வருகிறேன். மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் உரியதன்று. அதே மண்ணெண்ணெயில்தான் தோட்டத்து இயந்திரம் நீர் இறைக்கவேண்டும். அதே மண்ணெண்ணெயில்தான் கிளாலிக் கடல்நீரேரியில் படகுகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த பயணிகளை இரவில் ஏற்றிச் செல்லவேண்டும். அதே மண்ணெண்ணெயில்தான் ஜாம் போத்தல் விளக்கு எரியவேண்டும். அந்த விளக்கின் முன்னிருந்துதான் பிள்ளைகள் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் படித்தார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். சிறிய திரிவிளக்கு ஒன்று மணித்தியாலத்துக்கு ஏறத்தாழப் பத்து முதல் பதினைந்து மில்லிலீற்றர் குடிக்கும். ஒரு போத்தல், அதாவது சுமார் 750 மில்லிலீற்றர், ஐம்பது மணித்தியாலத்துக்குக் குறையாமல் வெளிச்சம் தரும். அதே போத்தலை ஹொண்டாவில் ஊற்றி, மண்ணெண்ணெயில் லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், முப்பது கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போகவும் சற்றுக் குறையும். திரும்பி வருவதற்கு இன்னொரு போத்தல். ஒருமுறை பருத்தித்துறை போய்வந்தால், வீட்டில் ஒரு பிள்ளை நூறு மணித்தியாலம் படிக்கும் வெளிச்சத்தை வீதியில் எரித்தாயிற்று. தந்தை ஒருவர் அதை எரிப்பதாயின் காரியம் அதற்குத் தகுந்ததாக இருக்கவேண்டும். மரண அறிவித்தல், பிரசவம், காய்ச்சலில் கிடக்கும் தாய். மற்றவற்றுக்குச் சைக்கிள். கொழும்பிலிருந்த பத்திரிகை நண்பர் ஒருவர் பின்னாளில் என்னிடம், "மண்ணெண்ணெயில் எவ்வளவு வேகமாகப் போவீர்கள்?" என்று கேட்டார். வேகத்தைப் பற்றி அங்கு எவரும் பேசவில்லை, போவதா இல்லையா என்பதைப் பற்றியே பேசினோம் என்றேன்.

செய்தியாளர்களாகிய எங்களுக்கும் இந்தக் கணக்கு இருந்தது. பத்திரிகைத் தாளுக்கும் தடை. கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம். குண்டு விழுந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, பெயர்களைச் சரிபார்த்து எழுதவேண்டும். தொலைபேசி இல்லை. அண்மையில் என்றால் சைக்கிள், தொலைவென்றால் எவராவது ஒருவரின் ஹொண்டா. இருவராகப் போனால் எண்ணெய் கூடக் குடிக்கும் என்பதால், பல செய்திகளுக்குப் படப்பிடிப்பாளர் தனியாகவும் நிருபர் தனியாகவும் அவரவர் வழியில் போனதுண்டு.

அப்படியிருந்தும், இதைச் சொன்னால் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும், அந்தப் பயணங்களில் ஓர் இன்பம் இருந்தது. எண்ணெயை மிச்சம் பிடிக்கவேண்டுமாயின் மெதுவாகப் போகவேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயரும். நாற்பதில் போவதற்குப் பதிலாக அறுபதில் போனால் காற்றைக் கிழிக்கும் வேலை இரண்டேகால் மடங்காகும். எனவே முப்பத்தைந்து, நாற்பது. கைப்பிடியை முறுக்கியதும் முறுக்காததுமாகப் பிடித்து, தூரத்தே மாடு நிற்பதைக் கண்டால் பிறேக் போடாமல் முன்கூட்டியே விட்டுக்கொடுத்து, வண்டியைத் தன்பாட்டில் உருளவிட்டு ஓட்டுவது ஒரு கலை. பிறேக்கில் தேய்வதெல்லாம் எரித்த எண்ணெய்தான். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று செம்மண் தோட்டங்களையும் வாழைகளையும் தாண்டி வல்லை வெளிக்கு வந்தால் மரமில்லை, வீடில்லை, வானமும் நீரேரியும் மட்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் பருத்தித்துறைக்குப் போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். அதே காற்று திரும்பி வரும்போது முகத்தில் மோதும். போகும்போது மிஞ்சிய எண்ணெயை வரும்போது வட்டியுடன் வாங்கிவிடும். வாடை தொடங்கியதும் கணக்குத் தலைகீழாகும். பொன்னாலைப் பாலத்தில் காரைநகருக்குப் போனவர்களும் இதையே சொல்வார்கள். காற்றின் திசை பார்த்துப் பயணத்தை வைத்துக்கொள்வது பாய்க்கப்பல்காரரின் வழக்கம். அதை மோட்டார் சைக்கிள்காரரும் கற்றுக்கொண்டனர்.

இன்பத்துக்கு எல்லையும் இருந்தது. இயந்திரத்தின் இரைச்சலில் விமானம் வருவது காதில் விழாது. ஆகவே ஓட்டுபவரின் ஒரு கண் எப்போதும் வீதியோரத்து மனிதர்கள்மீது இருக்கும். அவர்கள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தால், 'சியாமாசெட்டி' வந்துவிட்டது என்று பொருள். வண்டியை விட்டுவிட்டு வேலியோரம் படுக்கவேண்டியதுதான். படுத்திருக்கும்போதும் சிலர், இயந்திரம் நின்றுவிடுமோ என்று வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். அன்று வீதியில் எந்த இயந்திரத்தாலும் பயனிருக்கவில்லை. நெருக்கத்தில் மோட்டார் சைக்கிள்களை மக்கள் உருட்டிச் சென்றனர். அவற்றில் ஏற்றப்பட்டிருந்தவை மூட்டைகளும் முதியவர்களும். தடைக்காலம் முழுவதும் துளித்துளியாய்ச் சேர்த்து ஓட்டிய வண்டிகள் பல அந்த இரவில் வெறும் தள்ளுவண்டிகளாயின.

பின்னர் 2002 இல் ஏ-9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. இந்தியாவிலிருந்து ஹீரோ ஹொண்டாவும் பஜாஜும் வந்து குவிந்தன. 1985 இல் இந்தியாவில் அறிமுகமான ஹீரோ ஹொண்டா சி.டி. 100 விற்பனையில் வென்றதும் பெற்றோல் சிக்கனம் என்ற ஒரே வாக்குறுதியினால்தான். அந்தக் கதை தனியே எழுதவேண்டியது.

2022 இல் நாடு முழுவதும் வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகியது. அதையும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே வழங்குவதாக அரசாங்கம் அறிவித்தது. பின்னர் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20 என்று பங்கிட்டனர். லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள் 4 லீற்றரில் 200 கிலோமீற்றர் போகும். பன்னிரண்டு ஓடும் கார் 20 லீற்றரில் 240 கிலோமீற்றர். ஐந்து மடங்கு எண்ணெய் பெற்ற கார்க்காரரும் மோட்டார் சைக்கிள்காரரும் ஏறத்தாழ ஒரே தூரம் போனார்கள். அடிபட்டவர் வாடகைக்கு ஓடும் முச்சக்கரவண்டிக்காரர். தென்னிலங்கை நண்பர்கள் முதன்முறையாக என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் அன்று மண்ணெண்ணெயில் எப்படி ஓட்டினீர்கள்?" என்று கேட்டது அந்த மாதங்களில்தான்.

அவர்களுக்கு நான் சொன்ன பதில் அவர்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. காபரேற்றர் உள்ள பழைய வண்டியென்றால் முயன்று பார்க்கலாம். இப்போதைய வண்டிகளில் எரிபொருளைப் பீச்சுவது மின்னணுக் கருவி. எவ்வளவு, எப்போது என்பதை அதுவே தீர்மானிக்கும். அதற்கு மருந்துப் போத்தலில் துளி கொடுத்து ஏமாற்ற முடியாது. மேலும், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிவிட்டது. மீனவர்கள் படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டு எண்ணெய்க்கு நின்றார்கள்.

கியூ.ஆர். முறை 2023 செப்ரெம்பரில் நீக்கப்பட்டது. சூப்பர் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 2017 இலேயே பத்துக் கோடியைத் தாண்டியிருந்தது. ஜப்பானின் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஐம்பது கன சென்ரிமீற்றர் இயந்திரத்தை ஏற்புடையதாக்குவது கட்டுப்படியாகாது என்பதால், 2025 மே மாதத்துடன் அந்தச் சிறிய கப்பின் உற்பத்தியை ஹொண்டா நிறுத்திக்கொண்டது. 110 உம் 125 உம் தொடர்கின்றன. வடமராட்சிப் பக்கம் போகும் வாசகர்கள் நெல்லியடிச் சந்தியில் சற்று நின்று பார்த்தால், காலையில் மரக்கறி மூட்டையுடன் வரும் பழைய எம்.டி. 90 ஒன்றிரண்டு இன்னும் கண்ணில் படும். எரிவது இப்போது பெற்றோல்தான்.